கட்டையைக் கேட்டு வாங்கியவன்

கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, அனுபவங்களை எழுதிக் கொடுக்கும்படி கேட்டீர்கள். ஓய்வு பெற்றவனிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. ஆரம்பித்தால் நிறுத்தமாட்டோம். உங்களில் கணக்குப் பாடம் எடுக்கும் அந்த அம்மா மட்டும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "மனசு உடைஞ்சு போன பிள்ளையை எப்படி ஐயா கண்டுபிடிக்கிறது? அவங்களா வந்து சொல்றதே இல்லையே!" அந்தக் கேள்வி நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். நான் சாமர்த்தியமாக நடந்துகொண்ட கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். ஏமாந்து போவீர்கள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் வில்லியனூரில் எங்கள் கொலேழ் இருந்தது. பெயர் கல்லூரிதான் என்றாலும் உங்கள் கல்லூரி மாதிரி இல்லை. பதினேழு பதினெட்டு வயது வரை பிள்ளைகள் பிரெஞ்சில் படித்து ப்ரெவே பரீட்சை எழுதுகிற இடம். நான் அங்கே சுர்வேயான், அதாவது பாடம் நடத்தாமல் பிள்ளைகளைக் கண்காணிக்கிற உத்தியோகம். கழுத்தில் விசில், கையில் கறுப்பு அட்டை போட்ட தண்டனைப் புத்தகம், போக வர ஒரு சைக்கிள். பிள்ளைகள் என்னை "முசியே", அதாவது ஐயா, என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை! பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டு வண்டியில் கும்பலாக வந்து இறங்குவார்கள். வில்லியனூர்த் தேர் அன்று வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், மீதிப் பாதி ஜன்னலில் இருப்பார்கள். மாசி மாதம் வந்தால் சுற்று வட்டாரம் முழுக்க மாடு கட்டிக் கரும்பு ஆலை ஆடி வெல்லம் காய்ச்சுவார்கள். அந்த வாசனை வகுப்புக்குள் வந்துவிட்டால் எந்த வாத்தியார் என்ன நடத்தியும் பிரயோசனம் இல்லை. இப்போதும் எங்காவது வெல்லப் பாகு கொதித்தால் எனக்கு அந்த மைதானம்தான் ஞாபகம் வருகிறது. கூடவே தணிகாசலத்தின் ஞாபகமும் வரும்.

எங்கள் கொலேழில் ஒரு வழக்கம் இருந்தது. வளாகத்துக்குள் யாரும் தமிழ் பேசக் கூடாது. பேசினவன் கையில் ஒரு தேக்குக் கட்டையைக் கொடுத்துவிடுவோம். உள்ளங்கை அளவு, நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தது. அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறானோ அவனிடம் அது போகும். கடைசி மணி அடிக்கும்போது யார் கையில் கட்டை இருக்கிறதோ அவனுக்கு ரெத்தெனு, அதாவது எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அவன் உட்கார்ந்து எழுத வேண்டும். "நான் இனித் தமிழ் பேசமாட்டேன்" என்று பிரெஞ்சில் எழுதிச் சிலேட்டுப் பலகையின் இரண்டு பக்கத்தையும் நிரப்பி என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினால் போகலாம். கெட்டிக்காரன் அரை மணியில் முடித்துவிட்டு ஓடிவிடுவான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை. பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் அந்தக் கட்டையைப் பார்த்தாலே பாம்பைப் பார்த்த மாதிரி ஒதுங்குவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

தணிகாசலம் உறுவையாற்றுப் பிள்ளை. விவசாயக் குடும்பம், கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும். ஆற்றைக் கடந்து நடந்து வருவான், தண்ணீர் வந்தால் தோணியில். பதினேழு வயது, கணீரென்று குரல். அந்த வருடம் பரிசளிப்பு விழாவில் ஒரு பிரெஞ்சுப் பாட்டை ஒப்பிக்க அவனைத்தான் தேர்ந்தெடுத்தேன். "உரக்கச் சொல்லிப் பழகு. மைதானத்தின் கடைசி வரை கேட்கணும்" என்று சொல்லி அனுப்பினேன். மாசி மாதம் திடீரென்று நின்றுவிட்டான். இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது காரணம் கேட்டேன். "அண்ணனுக்கு உடம்பு சரியில்ல முசியே" என்றான். நான் புத்தகத்தில் "வீட்டு வேலை" என்று எழுதினேன். கரும்பு வெட்டுக்கு நின்றுவிட்டு இந்தப் பிள்ளைகள் சொல்கிற வழக்கமான சாக்குதான் என்று நினைத்தேன். என்ன உடம்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடி மாதத்திலிருந்துதான் அது ஆரம்பித்தது. கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால் தணிகாசலம் கட்டை யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பான். நேராக அவன் முன்னால் போய் நின்று, "இன்னாடா, நல்லாக்கீறியா?" என்று தமிழில் கேட்பான். கேட்டுவிட்டுக் கையை நீட்டுவான். முதல் நாள் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குள் கட்டை வைத்திருக்கிறவர்கள் அவனைத் தேடிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். தினமும் ரெத்தெனு அவனுக்குத்தான்.

நான் கண்டித்தேன், தலைகுனிந்து நின்றான். பலகை ஒன்றுக்கு இரண்டாக எழுதச் சொன்னேன், எழுதினான். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. காலமும் அப்படிப்பட்ட காலம். எல்லைக்கு அந்தப் பக்கம் கதர், ஊர்வலம் என்று கிளம்பியிருந்தது. எங்கள் தலைமையாசிரியர் துடைப்பம் சாய்ந்தாலும் அதில் அரசியல் இருக்குமோ என்று பார்ப்பவர். பிரெஞ்சு பேசமாட்டேன் என்று ஒரு பிள்ளை தினமும் கையை நீட்டித் தண்டனை வாங்கினால் நாங்கள் வேறு என்ன நினைப்போம்? இது எதிர்ப்பு, இவனுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினோம்.

வகுப்பறைகளைக் கூட்டிப் பெருக்குகிற பெண்மணி மதலேன். வில்லியனூர்தான் அவருக்கும். கூலி வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். ரெத்தெனு நேரத்தில்தான் அவர் அந்த அறையைக் கூட்டுவார். ஒருநாள் சாயங்காலம் என் மேசை அருகே வந்து துடைப்பத்தோடு நின்றார்.

"முசியே, அந்தப் பையன் ரெண்டு பக்கமும் எழுதி முடிச்சுடறான். முடிச்சுட்டு, உங்கள ஒருவாட்டி பாக்கறான். அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்லேருந்து எழுதறான். தெனமும் இதேதான்."

நான் செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுத்தேன். ஆமாம், கண்காணிக்கச் சம்பளம் வாங்கியவன் செய்தித்தாள்தான் படித்துக்கொண்டிருந்தேன். "உன் வேலையைப் பாரம்மா" என்றேன்.

"வூட்டுக்குப் போவப் புடிக்கலபோல கீது முசியே."

"உன் வேலையைப் பார் என்றேனே."

அவர் கூட்டப் போய்விட்டார். இந்த வேலையில் நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கும் திருப்பி வாங்கிக்கொள்ள ஆசைப்படுவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். பதில் என் மேசைக்கே வந்து நின்றது. நான் அதை விரட்டினேன்.

ஐப்பசியில் தலைமையாசிரியர் அவனை எட்டு நாள் வெளியே அனுப்பினார். எட்டாம் நாள் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். கடிதத்தை எழுதியவன் நான்தான். "இவனுக்குப் படிப்பிலும் நாட்டின் மொழியிலும் மரியாதை இல்லை" என்று நல்ல கையெழுத்தில் எழுதி அவன் கையிலேயே கொடுத்தேன். தண்டனைக்காக நின்றவனை, இனி நிற்காதே, நேரத்தோடு வீட்டுக்குப் போ என்று தண்டித்தோம். அவன் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "எட்டு நாளா முசியே?" என்று மட்டும் கேட்டான். முகம் வெளுத்துப் போயிருந்தது. பயந்துவிட்டான், இனித் திருந்துவான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

எட்டாம் நாள் தகப்பனாரும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது மதலேன் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். துடைப்பம் கையில் இல்லை.

"நீங்க திட்டினாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். அந்தப் பையன் பத்து நாளா ஆத்தங்கரையிலதான் கீறான். காலையில பையோட வந்து குந்திக்கறான், இருட்டற நேரத்துக்கு எழுந்து போறான். இன்னிக்கு புத்தகத்தக் கிழிச்சுக் கிழிச்சு தண்ணியில வுட்டுக்கினு இருந்தான். தணிகான்னு கூப்டேன். திரும்பிப் பாத்தான். அந்தப் பார்வை நல்லா இல்ல முசியே. ஆத்துல தண்ணி வேற ரொம்ப வருது."

சைக்கிளை ஆற்றுப் பக்கம் திருப்பினேன். கரைக்குப் போனால் ஆளைக் காணோம். கிழிந்த தாள்கள் நாணலில் ஒட்டிக்கொண்டிருந்தன. தோணிக்காரரைக் கேட்டால், "இங்கதான் இருந்துச்சு, இப்பதான் அக்கரையில எறக்கி வுட்டேன், கீழாண்ட பக்கம் நடந்து போச்சு" என்றார். அவன் திரும்பி வந்தால் பார்க்க மதலேன் இந்தக் கரையிலேயே நிற்பதாகச் சொன்னார். சைக்கிளை அவரிடம் விட்டுவிட்டு நான் அக்கரைக்குப் போனேன். வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே உறுவையாற்றில் வழி விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

தகப்பனாரும் தாயாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. மாட்டுக் கொட்டகையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுத் தட்டை வைக்கோலுக்குள் தள்ளினார். இடது கையை வேட்டியில் துடைத்தார். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை.

அவர்தான் அண்ணன் ஆறுமுகம். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க முசியே. தணிகா நல்லாப் படிக்கறானா? காலையில போனா ராத்திரிதான் வரான். படிப்பு அவ்ளோ இருக்குது போல."

பத்து நாளாக அவன் பள்ளிக்கே வரவில்லை என்று சொன்னேன். ஆற்றங்கரை விஷயத்தையும் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். "வீட்டில் அவனை யாராவது ஏதாவது சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல முசியே. அவன்தான் எங்கூடப் பேசறதில்ல. மாசி மாசம் ஆலையில கெய்யி போச்சு. நான் கரும்பு குடுத்துக்கினு இருந்தேன். அவன் மாட்ட ஓட்டிக்கினு சுத்தி வந்தான். ஏதோ விழாவுல சொல்லணும்னு பிரெஞ்சுல ஒரு பாட்டு, உரக்கச் சொல்லிக்கினே வந்தான். எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அசந்த நேரம் கரும்போட கெய்யும் உள்ள போயிடுச்சு. நிறுத்துடான்னு கத்தினேன். பாட்டுச் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. மாடு இன்னும் ரெண்டு அடி வெச்சிடுச்சு."

 அந்தப் பாட்டைக் கொடுத்தவன் யார், உரக்கச் சொல்லு என்றவன் யார் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஆறுமுகம் தொடர்ந்தார். "அதுலேருந்து எனக்கு எடது கையிலதான் சோறு. யாருக்குப் பாக்கப் புடிக்கும், சொல்லுங்க! மொத வாரம் என் எதிர்ல குந்துனான். நான் ஒரு வாய் வெச்சதும் எழுந்து போயிட்டான். அருவருப்புதான். அதான் அவன் வரதுக்கு முன்னாடியே இங்க வந்து சாப்ட்டுட்டுப் படுத்துடறேன். அவன் வந்ததும் தூங்கற மாதிரி இருந்துடுவேன். புள்ள நிம்மதியா சாப்புடட்டும்."

பிள்ளை எதற்காக எழுந்து போனான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தினமும் சாயங்காலம் பலகையை அழித்து அழித்து எழுதியது, அண்ணன் சாப்பிட்டுத் தூங்கும் வரை வீட்டுக்குப் போகாமல் இருக்கத்தான். ஒரே கூரையின் கீழே இரண்டு பேரும் எட்டு மாதமாக ஒருவருக்கொருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள். இவனுக்கு ஒளிய இருந்த ஒரே இடம் என் வகுப்பறை. அதையும் பூட்டிவிட்டு நான் கடிதம் எழுதினேன். "அருவருப்பு இல்லையப்பா, குற்றவுணர்ச்சி" என்று ஆறுமுகத்திடம் சொன்னேன்.  அவர் வைக்கோலிலிருந்து தட்டை எடுத்து, மிச்சச் சோற்றை ஒரு தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் கிளம்பினார். எதற்குச் சோறு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தோணிக்காரர் சொன்ன கிழக்குப் பக்கம் கரையோரமாகப் போனோம். விளக்கு வைக்கிற நேரம். ஒரு திருப்பத்தில் அவன் தெரிந்தான். முழங்காலுக்கு மேலே தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் ஆறு சேறு கலந்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் நான்கு எட்டு வைத்தால் ஆழம். என் கை தானாக விசிலுக்குப் போனது. அத்தனை வருடப் பழக்கம்! ஆறுமுகம் என் கையைப் பிடித்துவிட்டார்.

"சத்தம் போடாதீங்க முசியே."

அவர் மெதுவாகக் கரையில் இறங்கி, தண்ணீர் ஓரமாகச் சேற்றிலேயே உட்கார்ந்தார். தூக்கைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். சாதாரணமான குரலில், வீட்டில் பேசுகிற மாதிரி, "தணிகா" என்றார். அவன் தோள் அசைந்தது. திரும்பவில்லை.

"பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்துட்டேன்டா. பசிக்குது. இந்தக் கெய்யால பெசைய வரல, எல்லாம் கீழ போவுது. வந்து பெசஞ்சு குடு."

சொல்லிவிட்டு இடது கையால் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். கொட்டகைச் சுவருக்கு மட்டும் காட்டிச் சாப்பிட்ட மனிதர் நான் பார்க்க, கரையோரம் வந்து நின்ற நான்கு பேர் பார்க்கச் சாப்பிட்டார். பாதிச் சோறு மார்பில் சிந்தியது. தணிகாசலம் திரும்பினான். 

"நான்தான்ணே... நான்தான் மாட்ட நிறுத்தல" என்றான். அந்தக் கணீர்க் குரல் இருந்த இடமே தெரியவில்லை.

"தெரியும்டா. நானும்தான் பாட்டு கேட்டுக்கினு கெய்ய வுட்டேன். வா, சோறு காயுது."

அவன் தண்ணீரை விட்டு ஏறி வந்தான். அண்ணன் காலடியில் உட்கார்ந்து, தூக்கில் கையை விட்டுப் பிசைந்தான். பிசைந்துகொண்டே அழுதான். ஆறுமுகம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டே இருந்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் விசிலை ஊதாமல் இருந்தது ஒன்றுதான். அதுவும் நானாகச் செய்யவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மதலேனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு முசியே, பையன் நல்லாக்கீறானா?" என்றார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வாரமும் அவரிடம் ஒரு கேள்வி கேட்பேன், யார் முகம் சரியில்லை என்று. அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. உங்கள் கல்லூரியிலும் கூட்டுகிறவர், தண்ணீர் வைக்கிறவர், கேட்டில் நிற்கிறவர் இருப்பார்கள். அவர்கள் பெயராவது தெரியுமா உங்களுக்கு?

தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். பாட்டைக் கொடுத்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கிழித்தார். தமிழ் பேசக் கூடாது என்ற விதியை எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அடுத்த வாரம் கட்டை காணாமல் போய்விட்டது. விசாரித்து அறிக்கை கொடுக்கும்படி என்னிடமே சொன்னார். தீர விசாரித்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மதலேன் வீட்டு அடுப்பில் தேக்கு நன்றாக எரியும் என்பது அறிக்கைக்குத் தேவையில்லாத விஷயம்.

கார்த்திகை முடியும் வரை நான் சாயங்காலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தணிகாசலத்தோடு தோணித்துறை வரை நடந்தேன். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் பேசுவான், பல நாள் பேசமாட்டான். ஒருநாள் பாட்டு விஷயத்தில் என் பங்கையும் அவனிடம் சொன்னேன். "நீங்க இன்னா செய்வீங்க முசியே" என்றான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஓடி வந்தான். "முசியே, தணிகாசலம் எடது கையால சாப்பிடறான். அசிங்கம்!" போய்ப் பார்த்தேன். உண்மைதான். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் சோற்றை அள்ளிச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தான். சுற்றி நின்று சிரித்தார்கள். என் கை பழக்கத்தில் கறுப்புப் புத்தகத்தைத் திறந்து, அவன் பெயரைக்கூட எழுதிவிட்டது. பிறகுதான் பேனாவை நிறுத்திவிட்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன்டா?"

அவன் வாயில் சோற்றோடு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மாசிக்குப் பிறகு பார்க்கவே இல்லை. "இப்ப நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்புடறோம் முசியே. அண்ணன் என்னவிட நல்லாவே சாப்புடறான். நான்தான் இன்னும் சிந்தறேன், அதான் இங்க பழகிக்கறேன்."

அந்தக் கறுப்புப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது காட்டுகிறேன். தை மாதத்துப் பக்கத்தில் தணிகாசலம் என்று ஒரு பெயர் மட்டும் இருக்கும். அதற்கு எதிரே குற்றம் எழுதுகிற கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.